கடையில் பாட்டுப் போட யாருக்குப் பணம் கட்டுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருப்பூரில் பேக்கரியோடு சேர்ந்த டீக்கடை, இருபது பேர் உட்காரலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு போன், அதில் ஸ்பாட்டிஃபை பிரீமியம், அதிலிருந்து சுவரில் மாட்டிய புளூடூத் ஸ்பீக்கருக்குப் பாட்டு. வாடிக்கையாளர் மாதிரி வந்து டீ குடித்துவிட்டுப் போன ஒருவர், பத்து நாள் கழித்து நோட்டீஸாகத் திரும்பி வந்திருக்கிறார். "மாதாமாதம் காசு கட்டித்தானே பாட்டுக் கேட்கிறேன், இன்னொரு தடவை எதற்குக் கட்டணும்? கட்டாவிட்டால் ஜெயில் என்று போட்டிருக்கிறதே, நிஜமா? இளையராஜா பாட்டைப் போட்டால் அவரே நோட்டீஸ் அனுப்புவாரா?"

நான் வக்கீல் இல்லை. பேக்கரி, மெஸ், சலூன் என்று சின்னக் கடைகளுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநகராட்சி உரிமம், ஜி.எஸ்.டி. வேலைகள் பார்ப்பவன். இந்த மாதிரி நோட்டீஸ்களும் அந்தக் கட்டோடு சேர்ந்து என் மேசைக்கு வரும். டிசம்பரில் கொஞ்சம் அதிகமாக வரும்.

முதலில் பதில்: கடையில் பாட்டுப் போட்டால் பணம் கட்டும் கடமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டீஸ் கேட்கிற தொகையை, அதை அனுப்பியவருக்கே கட்ட வேண்டுமா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பேர் பயந்துபோய்க் கேட்டதைக் கட்டிவிடுகிறார்கள், மீதிப் பேர் நோட்டீஸில் பஜ்ஜி மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஸ்பாட்டிஃபை விஷயத்தை முடித்துவிடுவோம். அந்தச் சந்தா உங்கள் காதுக்கு மட்டும்தான். சொந்த உபயோகத்துக்கு, வியாபார நோக்கம் இல்லாமல் என்று அவர்களுடைய விதிமுறையிலேயே இருக்கிறது. யூடியூப் மியூசிக்கும் அப்படித்தான். வீட்டு கேஸ் சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பாட்டிலும் அதே கதைதான். எஃப்.எம். ரேடியோ வைத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ரேடியோ நிலையம் கட்டுவது ஒலிபரப்புக்கான பணம். அதை நீங்கள் கடையில் நாலு பேருக்குக் கேட்க வைப்பது வேறொரு காரியம் என்றுதான் உரிமைக்காரர்கள் வாதிடுகிறார்கள். அமெரிக்காவில் 2,000 சதுர அடிக்குக் குறைவான கடைகளும் 3,750 சதுர அடிக்குக் குறைவான உணவகங்களும் ரேடியோ வைத்துக்கொள்ளச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. நம் ஊர்ச் சட்டத்தில் அப்படி ஒரு சதுர அடிக் கணக்கு இல்லை. இருந்திருந்தால் இந்தப் பதிலே தேவைப்பட்டிருக்காது.

இனி அசல் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டு என்பது ஒரே ஒரு சொத்து இல்லை, பல சொத்து. ஒரே வீட்டில் தரைத்தளம் ஒருவருக்கு, மாடி ஒருவருக்கு, மொட்டைமாடி இன்னொருவருக்கு என்று பத்திரம் இருப்பது போல. கண்ணதாசன் எழுதி விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து 1961-இல் இசைத்தட்டாக வந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகள் ஒரு சொத்து. மெட்டு ஒரு சொத்து. ஸ்டுடியோவில் பதிவான அந்த ஒலி மூன்றாவது சொத்து. இது போக, பாடியவருக்கும் 'கலைஞர் உரிமை' என்று ஒன்று உண்டு.

ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டு. ஆக 1961-இன் பதிவு 2021 முடிவோடு பொதுவுக்கு வந்துவிட்டது. வரிகளுக்கு, எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, அதனால் 2041 முடிய உரிமை இருக்கிறது. மெட்டுக்கு, சேர்ந்து போட்டவர்களில் கடைசியாக மறைந்தவரிலிருந்து எண்ண வேண்டும். எம்.எஸ்.வி. மறைந்தது 2015, ஆக 2075 வரை. "பழைய பாட்டுத்தானே சார், யார் கேட்கப் போகிறார்கள்" என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். ஒலி ஓசியாகிவிட்டது, பாட்டு இன்னும் ஓசியாகவில்லை. தியாகராஜ கீர்த்தனை என்றால் நேர்தலைகீழ்: கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் போன வருடம் ஒருவர் பாடி வெளிவந்த பதிவு, அதை வெளியிட்ட லேபிளுக்கு, அதாவது இசை நிறுவனத்துக்குச் சொந்தம். பாரதி பாடலும் அப்படியே. எழுத்தை 1949-இல் அரசு நாட்டுடைமையாக்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது, அதற்குப் போட்ட மெட்டும் பதிவும் ஆகவில்லை.

இந்த மூன்று தளத்துக்கும் வாடகை வசூலிக்க வருபவர்கள் வேறு வேறு ஆட்கள்.

வரிகளுக்கும் மெட்டுக்கும் வருவது ஐ.பி.ஆர்.எஸ். 1969-இல் தொடங்கிய மும்பை சங்கம். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், இசைப் பதிப்பாளர்கள் அதன் உறுப்பினர்கள். 2017-இல் மத்திய அரசிடம் 'பதிப்புரிமைச் சங்கம்' என்று மறுபடி பதிவு வாங்கியது. ஒலிப்பதிவுக்கு வருவது பி.பி.எல். என்கிற பழைய நிறுவனம், 1941-இலிருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் இதுவும் பதிவான சங்கம்தான். இப்போது இல்லை. லேபிள்களிடமிருந்து உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, "நானே உரிமையாளர்" என்ற முறையில் வசூலிக்கிறது. நோவெக்ஸ் என்ற இன்னொரு நிறுவனமும் இதே வழியில், வேறு சில லேபிள்களுக்காக வருகிறது. நாலாவதாக ஆர்.எம்.பி.எல். என்று ஒன்று. ஒலிப்பதிவுக்கென்று அரசு பதிவு கொடுத்த சங்கம் இதுதான், 2021-இல் கொடுத்தது.

கேட்கும்போதே தலை சுற்றுகிறதல்லவா? இருபது சீட்டு டீக்கடைக்காரர் இத்தனை வாசல் ஏற வேண்டும் என்பது என்னைப் பொறுத்தவரை அநியாயம்தான். பிரிட்டனில் இதே மாதிரி இரண்டு அமைப்புகள் தனித்தனியே வசூலித்துக்கொண்டிருந்தன. 2018-இல் ஒன்று சேர்ந்து ஒரே உரிமம், ஒரே பில் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லாததால் கோர்ட் நிரம்புகிறது.

அந்தக் கோர்ட் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், உங்கள் நோட்டீஸின் பலம் அதில்தான் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 33-ஆம் பிரிவு, உரிமம் கொடுப்பதை ஒரு தொழிலாகச் செய்ய வேண்டுமென்றால் பதிவான சங்கமாக இருக்க வேண்டும் என்கிறது. 30-ஆம் பிரிவு, சொத்துக்காரர் தன் சொத்தைத் தானே யாருக்கும் உரிமம் விடலாம் என்கிறது. பி.பி.எல்., நோவெக்ஸ் இருவரும் 30-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்பு 33-ஐப் பிடித்துக்கொள்கிறது.

2021 டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில், நோவெக்ஸ் ஒரு ஐ.டி. கம்பெனி மேல் போட்ட வழக்கில், பதிவான சங்கமாக இல்லாமல் இந்த உரிமத் தொழில் செய்ய முடியாது என்று தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதற்கு நேர்மாறாக, உரிமையாளர் என்ற முறையில் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். 2025-இல் டெல்லியில் ஒரு உணவகக் குழுமத்துக்கும் பி.பி.எல்.-க்கும் நடந்த வழக்கில், மார்ச்சில் தனி நீதிபதி பி.பி.எல். பக்கம், ஏப்ரல் 15-இல் இரு நீதிபதி அமர்வு எதிர்ப்பக்கம். பி.பி.எல். சங்கமாக வேண்டும், இல்லை ஒரு சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், அதுவரை ஆர்.எம்.பி.எல். கட்டணப் பட்டியல்படி உணவகம் பணம் கொடுக்கட்டும் என்றது அந்த அமர்வு. ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் அந்தப் பணம் கொடுக்கும் உத்தரவை நிறுத்தி வைத்தது, ஆனால் மார்ச் மாத உத்தரவும் உயிர் பெறாது என்று சொல்லிவிட்டது. ஆக இரண்டு பக்கமும் முழு வெற்றி இல்லை. அதனால் நீங்கள் முடிவெடுக்கும் நாளில் நிலவரம் என்ன என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டே ஆக வேண்டும்.

ஐ.பி.ஆர்.எஸ். நோட்டீஸ் என்றால் இந்தச் சந்தேகம் கிடையாது. அது பதிவான சங்கம். முன்பு "ஒலிப்பதிவுக்குக் காசு கொடுத்துவிட்டால் வரிக்கும் மெட்டுக்கும் தனியாகத் தர வேண்டாம்" என்று ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. 2012 திருத்தச் சட்டம் அதைப் பெரிய அளவுக்கு அடைத்துவிட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தன் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று அந்தத் திருத்தம் வைத்தது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காக நின்றார். அதன் அடிப்படையில் 2023-இல் மும்பை உயர் நீதிமன்றம், எஃப்.எம். நிலையங்கள் ஒலிப்பதிவை ஒலிபரப்பும்போது எழுதியவர்களுக்கும் பங்கு உண்டு என்று இடைக்கால உத்தரவு போட்டது. இந்த ஒரு விஷயத்தில் என் மனசு கடைக்காரர் பக்கம் இல்லை. ஒரு தடவை சம்பளம் வாங்கிக்கொண்டு வாழ்நாள் பூரா தன் பாட்டை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு கஷ்டப்பட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, நோட்டீஸ் கையில் இருக்கிறது, என்ன செய்வது?

முதல் இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போங்கள். அவை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்: 51-ஆம் பிரிவு, 63-ஆம் பிரிவு, ஏழு நாள் கெடு, சிறை. கடைசிப் பக்கத்தில் பில் இருக்கும். அங்கேதான் வேலை. 'பின்னணி இசை' என்று ஒரு வகை, கடையின் பரப்பளவு அல்லது இருக்கை எண்ணிக்கை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அடியில் 18 சதவீத ஜி.எஸ்.டி.

எனக்குத் தெரிந்த பேக்கரி ஒன்றுக்கு வந்த பில்லில் 1,800 சதுர அடி என்று போட்டிருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் இருந்த மொத்த இடம் அது. ஓவன் அறை, மாவு மூட்டை அடுக்கும் கிடங்கு, பின்கட்டு எல்லாம் அதில் அடக்கம். ஆட்கள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற இடம் டேப் வைத்து அளந்தால் 620. அளந்து, கையால் ஒரு வரைபடம் போட்டு, ஸ்பீக்கர் இருக்கும் இடத்தைக் குறித்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் புது பில் வந்தது, பாதிக்கும் கீழே. பழைய பில்லில் போன வருடத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கடை திறந்தே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடைத் திறப்பு விழா நோட்டீஸின் நகலை வைத்ததும் அதுவும் போனது. கேட்காமல் கட்டியிருந்தால் யாரும் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள்.

அந்த 18 சதவீதத்தையும் சும்மா விடாதீர்கள். உணவகமாக 5 சதவீதம் வாங்குகிறவர்களுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது, காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கும் கிடையாது. ஆகவே அது முழுக்க உங்கள் கைக்காசு. பேரம் பேசும்போது "ஜி.எஸ்.டி. சேர்த்து எவ்வளவு" என்றே கேளுங்கள். பில்லில் அவர்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா, அது அந்தப் பெயருக்குத்தான் போகிறதா என்று அரசு இணையதளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஏஜென்ட் என்று வந்து ரொக்கமாகவோ சொந்த ஜிபே எண்ணிலோ கேட்டால் கொடுக்கக் கூடாது. அசல் நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கு இருக்கும்.

அப்புறம், பதில் எழுதுங்கள். போனில் பேசாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். மரியாதையாக, "உரிமம் வாங்கத் தயாராக இருக்கிறேன், அதற்கு முன் சில விவரம் வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். எந்த உரிமைக்காகக் கேட்கிறீர்கள், வரி–மெட்டுக்கா, ஒலிப்பதிவுக்கா? பதிவான சங்கம் என்றால் பதிவுச் சான்று எங்கே? உரிமையாளர் என்றால் எந்த லேபிள் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது, அந்த ஒப்பந்தம் எங்கே? என் கடையில் எந்தத் தேதி, எந்த நேரம், எந்தப் பாட்டு ஓடியதாகச் சொல்கிறீர்கள்? பதிவான சங்கம் தன் கட்டணப் பட்டியலை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 33-ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பட்டியலில் என் கடை எந்த வரிசையில் வருகிறது? இவ்வளவு கேட்டால் போதும். தமிழ்ப் பாட்டு மட்டும் ஓடும் கடைக்கு, இந்திப் பட லேபிள்களின் உரிமையை மட்டும் வைத்திருப்பவர் பில் அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஓடின பாட்டுப் பட்டியலைக் கேட்டதும் அங்கிருந்து பதிலே வரவில்லை.

சங்கத்தின் கட்டணம் அதிகம் என்று பட்டால் முறையீடு செய்ய வழி இருக்கிறது. ஆனால் முறையீடு முடிகிற வரை பணத்தைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதால், சின்னக் கடைக்கு அது வெறும் காகித வழி. ஆதாரமே இல்லாமல் மிரட்டுகிறார்கள் என்றால் 60-ஆம் பிரிவில் நீங்களே வழக்குப் போடலாம். அதற்கும் வக்கீல் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இப்போது ஜெயில். 63-ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருப்பது உண்மை. 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றே சொல்லிவிட்டது. ஆகவே சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அந்தப் பிரிவில் 'தெரிந்தே' என்ற சொல் இருக்கிறது. நோட்டீஸ் வருவதற்கு முன் "தெரியாது" என்று சொல்ல உங்களுக்கு இடம் இருந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு இல்லை. நடைமுறையில் டீக்கடைக்காரரை யாரும் உள்ளே தள்ளி நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் சிவில் வழக்கு, தடை உத்தரவு, அதுவும் பெரிய ஓட்டல்கள் மேல், டிசம்பர் 31 இரவு விருந்துக்கு முன்னால். ஆனாலும் பதில் எழுதி முடிகிற வரைக்கும் ஸ்பீக்கரை நிறுத்தி வையுங்கள். ஒரு மாதம் பாட்டு இல்லாவிட்டால் பன் பட்டர் ஜாம் விற்காமல் போகாது.

யாருக்கு விலக்கு என்று அடிக்கடி கேட்கிறார்கள். 52-ஆம் பிரிவில் உண்மையான சமயச் சடங்கு, அரசு விழா, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டம் இவற்றுக்கு உண்டு. குடியிருப்போருக்கான பொது அறைக்கும், லாப நோக்கில்லாத மன்றத்துக்கும் உண்டு. கடையில் ஆயுத பூஜை அன்று சாமி படத்துக்கு முன் அரை மணி நேரம் பக்திப் பாட்டுப் போட்டால் அது சடங்கு என்று சொல்லலாம். அதையே சாக்காக வைத்து மறுநாள் முழுக்கக் குத்துப்பாட்டு ஓடினால் சொல்ல முடியாது. கல்யாண மண்டபக்காரர்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். மத்திய அரசு 2023 ஜூலையில் கல்யாணங்களுக்குப் பணம் கேட்கக் கூடாது என்று அறிவிப்பு விட்டது உண்மைதான். ஆனால் கோவா அரசு அதை ஒட்டிப் போட்ட சுற்றறிக்கையை 2024 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா கிளை ரத்து செய்துவிட்டது. தாலி கட்டும் நேரத்து நாதஸ்வரத்துக்கு ஆபத்து இல்லை. ஓட்டலில் நடக்கும் சங்கீத் (கல்யாணத்துக்கு முந்தைய ஆட்டம்பாட்டம்), டி.ஜே. இரவுகள்தான் சண்டைக்களம்.

இளையராஜா பாட்டைப் போட்டால் அவரே நோட்டீஸ் அனுப்புவாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2017-இல் எஸ்.பி.பி.-க்குப் போன நோட்டீஸ் மேடைக் கச்சேரிகளில் பாடுவது பற்றியது. அங்கே ஒலிப்பதிவு ஓடுவதில்லை, வரியும் மெட்டும்தான் பயன்படுகின்றன. உங்கள் ஸ்பீக்கரில் அவற்றோடு ஒலிப்பதிவும் ஓடுகிறது, அது வேறு கணக்கு. ஒருவேளை சனிக்கிழமை மாலையில் கடையில் கிட்டார் பையனை உட்கார வைத்துப் பாடச் சொல்கிற எண்ணம் இருந்தால், அதற்கு ஒலிப்பதிவு உரிமம் தேவையில்லை, வரி–மெட்டு உரிமம் தேவை. கரோக்கி டிராக் போட்டுப் பாடினால் அந்த டிராக்கும் ஒரு ஒலிப்பதிவு, ஆக இரண்டும் சேரும்.

உங்கள் கடைக்கு என்று கேட்டால், நான் செய்வது இதுவாக இருக்கும். திரைப்பாட்டுத்தான் வேண்டும் என்றால் முதலில் ஐ.பி.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் அளவுக் கடைக்கு என்ன கட்டணம் என்று பார்த்து அதை வாங்கிவிடுவேன். ஒலிப்பதிவுக்கு, கோர்ட் நிலவரத்தைக் கேட்டுவிட்டு, என் கடையில் ஓடும் லேபிள்கள் யாரிடம் இருக்கின்றன என்று பார்த்து அவரிடம் மட்டும் எழுத்தில் வாங்குவேன். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், கடைகளுக்கென்றே உரிமத்தோடு இசை தரும் சேவைகள் இருக்கின்றன. 'இந்தியாவில் பொது இடத்தில் ஒலிக்கச் செய்யும் உரிமையும் சேர்த்து' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'ராயல்டி ஃப்ரீ' என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள், அது வீடியோ எடுப்பவர்களுக்கான உரிமமாக இருக்கலாம். கோவையில் ஒரு காபிக்கடைக்காரர் உள்ளூர்ப் பசங்களின் இசைக்குழுவிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு அவர்கள் சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, பதிவு செய்ததை மட்டும் ஓட்டுகிறார். மூன்று தளமும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒரே கையெழுத்தில் வேலை முடிந்தது. பையன்களுக்கு மாதம் கொஞ்சம் பணமும், தினமும் மாலையில் காபியும்.

நோட்டீஸின் கடைசிப் பக்கத்தை, கடைப் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் படமெடுத்துப் போடுங்கள். அதில் எந்த வகை, எத்தனை சதுர அடி, எந்தத் தேதியிலிருந்து என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எந்த வரியில் கை வைக்கலாம் என்று சொல்கிறேன். அதற்குள் டேப் எடுத்து உட்காரும் இடத்தை மட்டும் அளந்து வையுங்கள்.